கோப்பி மரத்துப் பேனும் மாமியின் வளவும்

மட்டக்களப்பில் கோப்பி வளராது என்று எனக்குச் சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு கோப்பிக் கன்றை மண்ணில் வைத்துப் பார்த்தவர் இல்லை. இது தென்னை மண், நெல் மண், கோப்பிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். கேட்ட அத்தனை பேரும் விடிந்தால் கோப்பி குடிக்காமல் வாய் திறக்காதவர்கள். இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. அதனால் நட்டேன். யோசித்து நட்டேன் என்று சொன்னால் பொய். கோபத்தில் நட்டேன்.

கலியாணத்துக்கு முன் இரண்டு வருஷம் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பண்டசாலையில் வேலை செய்தேன். அங்கே தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஆட்கள் தங்கள் பாவனைக்கென்று கோப்பி மரம் வைத்திருந்தார்கள். கீழ்நாட்டுச் சூட்டைத் தாங்கும் என்று அவர்கள் சொன்ன பெரிய இலைச் சாதியில் ஒரு பெட்டி கன்று எடுத்துக்கொண்டு ரயிலில் ஊருக்கு வந்தேன். கல்லடியில் பெண் கொண்டேன். மனைவியின் வளவில், கிணற்றுக்கும் தென்னைகளுக்கும் நடுவே, நிழலாக இருந்த இடத்தில் கன்றுகளை வைத்தேன். செத்தது போக இருபத்திரண்டு நின்றது.

மனைவியின் வளவு என்று சொன்னேன் அல்லவா, அதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்கு. மகள் கலியாணம் முடிப்பதற்குள் தாய் அவளுக்கு ஒரு வீடு கட்டிவிட வேண்டும். கலியாணம் முடித்த ஆண் ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேர்வான். நானும் அப்படித்தான் வந்தேன். வீடு மனைவியுடையது. மீதி வளவு மாமியுடையது. அது இளைய மகளுக்குப் போக வேண்டியது. மாமியும் அந்த இளைய மகளான மச்சாளும் அடுப்படியோடு ஒட்டிய அறையில் இருந்தார்கள். குடிக்கிற தண்ணீர், படுக்கிற பாய், சாய்கிற தூண் எல்லாம் அவர்களுடையவை. அந்த வளவில் எனக்கென்று இருந்தது இந்த இருபத்திரண்டு கோப்பி மரம் மட்டும்.

இது மாமிக்கும் தெரியும். அதனால்தான் என்னைத் துரை என்று கூப்பிடுவா.

"துரை இண்டைக்குத் தோட்டம் பாக்கப் போகல்லியா?" என்று விடியற்காலையில் கேட்பா. பதினைந்து அடி எடுத்து வைத்தால் தோட்டம் முடிந்துவிடும்.

நாலாம் வருஷம் ஐப்பசியில், முதல் மழை விழுந்து எட்டு நாளில், மரம் முழுக்க வெள்ளையாகப் பூத்தது. முல்லை மாதிரி வாசம். மாமிகூடக் கிணற்றடியில் நின்று மூக்கை உறிஞ்சினா. நான் பார்த்ததைக் கண்டதும், சளி பிடித்திருக்கிறது என்று சொன்னா. பிறகு பிஞ்சு பிடித்தது. மாரி முடியும் வரை நான் மிதப்பில் இருந்தேன். மழை நின்று வெயில் ஏறியதும் இலைகள் கறுக்கத் தொடங்கின. யாரோ கரியை அரைத்துப் பூசியது மாதிரி.

கரி என்றால் எங்கிருந்து வரும்? அடுப்படி கோப்பிக்குக் காற்று வருகிற பக்கத்தில் இருந்தது. எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவைப்படவில்லை. நேரே போய் மாமியிடம் அடுப்பை வேறு பக்கம் மாற்றச் சொன்னேன். சொன்ன விதமும் நல்ல விதம் இல்லை.

மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நிறுத்தவில்லை.

"மருமகன், இந்த அடுப்பு முப்பது வருஷமா இவடத்தில எரியுது. பக்கத்தில நிக்கிற முருங்கை கறுக்கல்ல. கூரையில காயிற மிளகாய் கறுக்கல்ல. உங்கட மரம் மட்டும் என்னத்துக்குக் கறுக்குது?"

"அது மென்மையான இலை."

"அப்ப அதைத் தூக்கி உள்ள வைங்க. பாய் போட்டுத் தாறன்."

உள்ளே மச்சாள் சிரிப்பது கேட்டது. நான் இரண்டு நாள் மாமியோடு பேசவில்லை. மாமி அதைக் கவனித்தாவா என்பதே எனக்குச் சந்தேகம்.

மூன்றாம் நாள் என் மனைவி தண்ணீர் அள்ள வந்தவள் ஒரு இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நான் நாலு வருஷமாக இலையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்த ஆள். இலைக்குக் கீழே, நடுநரம்பின் இரண்டு பக்கமும், பச்சை நிறத்தில் தட்டையாக, எள்ளை விடக் கொஞ்சம் பெரிதாக, வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் கிளப்பினால் வந்தது. நசுக்கினால் ஈரம். மேல் இலையில் தேன் தெளித்தது மாதிரிப் பிசுபிசுப்பு இருந்தது, அந்தப் பிசுபிசுப்பில்தான் கரி வளர்ந்திருந்தது. அடுப்புக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

"இஞ்சேருங்க, இது பேன்" என்றாள் மனைவி. "மரத்துக்குப் பேன் பிடிச்சிரிக்கி."

அந்தச் சொல் அன்றைக்கே வளவு முழுக்கப் பரவியது. பொழுதுபடுவதற்குள் மாமி தன் பேன்சீப்பைக் கொண்டுவந்து கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டுப் போனா. வாயால் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இதெல்லாம் பகிடியாகவே போயிருக்கும். அந்த நேரத்தில்தான் மச்சாளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை புளியந்தீவில் அரசாங்கக் கச்சேரியில் வேலை. கலியாணம் ஆவணிக் கடைசியில். அதற்கு முன் வீடு கட்ட வேண்டும். வளவில் மேடான, மாரி வெள்ளம் ஏறாத இடம் கிணற்றுப் பக்கம்தான். அதாவது என் கோப்பி நின்ற இடம்.

மாமி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னா. என்னை உட்காரச் சொன்னால் நல்ல செய்தி வராது.

"மருமகன், வீடு கட்டுற ஓடாவி வந்து இடம் பாத்திட்டுப் போனான். கோப்பி நிக்கிற இடத்திலதான் வீடு நல்லா அமையுமாம். கொஞ்சம் அங்கால, வேலிப் பக்கமாத் தள்ளியும் கட்டலாமாம். ஆனா தள்ளிக் கட்ட மண் போட்டு நிரப்போணும். அது வேலை."

"தள்ளிக் கட்டுங்க. மண் நான் போடுறன்."

"பேன் பிடிச்ச மரத்துக்காகவா?"

நான் எழுந்துவிட்டேன். மனைவி கண்ணால் உட்கார் என்றாள். உட்கார்ந்தேன்.

மாமி யோசித்துச் சொன்னா: "கலியாணத்துக்கு வாற சனம் முழுக்கக் கோப்பி குடிக்கும். அந்தக் கோப்பி உங்கட மரத்தில இருந்து வரட்டும். வந்தா மரத்தை விட்டு வீட்டைத் தள்ளிக் கட்டுறம். வராட்டி நான் ஆவணி பிறக்கத் தறிச்சுப்போட்டு அத்திவாரம் வெட்டுவன். பந்தலுக்க கலியாணத்தை வைச்சாலும் வைப்பன், வீடு இவடத்திலதான்."

ஓம் என்றேன். மாமிக்கு நான் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

பேனை எப்படி ஒழிப்பது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் வேலியோரத்து மாமரத்தில் முசுறு இருந்தது. இலைகளை ஒன்றோடு ஒன்று தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு அது. முசுறு இருக்கிற மாமரத்தில் புழு பூச்சி அண்டாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பச்சைப் புழு ஒன்று அந்த மரத்தில் ஏறினால், நூறு முசுறு சேர்ந்து அதை இழுத்துக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். மாமரத்துக்குச் செய்கிற காவலைக் கோப்பிக்கும் செய்யட்டுமே என்று நினைத்தேன். இதில் என்ன பிழை என்று இன்றைக்கும் ஒருவன் கேட்டால் எனக்கு உடனே பதில் வராது. அவ்வளவு நியாயமாக இருந்தது.

மாமரத்தில் ஏறி ஐந்து கூட்டைச் சாக்கில் போட்டு இறக்கினேன். கழுத்து, காது, இடுப்புச் சாரத்துக்குள், எங்கெங்கே கடிக்கலாமோ அங்கெல்லாம் கடித்தது. கூடுகளைக் கோப்பி மரங்களில் கட்டினேன். பிறகு எறும்பு மரத்துக்கு மரம் போய்வர வசதியாக, மாமரத்திலிருந்து தொடங்கி இருபத்திரண்டு மரத்தையும் தென்னந்தும்புக் கயிற்றால் இணைத்தேன். இரண்டே நாளில் முசுறு கயிற்றின்மேல் பெரஹரா ஊர்வலம் மாதிரி வரிசையாகப் போய்வந்தது. எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். வேலைக்கு ஆள் வைத்தவன் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றேன்.

சந்தோஷப்பட்டது நான் மட்டும்தான். கயிறு கிணற்றடிக்குக் குறுக்கே போனது. குளிக்கப் போனவர்கள் எல்லாரும் கடி வாங்கினார்கள். மச்சாள் தெரியாமல் ஈரச்சேலையை அந்தக் கயிற்றில் காயப்போட்டுவிட்டாள். காய்ந்த சேலையை உடுத்திய பிறகு அவள் போட்ட சத்தம் கல்லடிப் பாலத்துக்கு அக்கரையில் கேட்டிருக்கும். கலியாணப் பெண் உடம்பில் தடிப்புத் தடிப்பாக இருந்தது. மாமி என்னைப் பார்த்த பார்வையில் துரை என்ற பேச்சே இல்லை.

காத்தான்குடியிலிருந்து சேலை மூட்டையோடு ஒரு முஸ்லிம் வியாபாரி மாதம் ஒருமுறை வருவார், வயதில் மூத்தவர் என்பதால் காக்கா என்று கூப்பிடுவோம். கலியாண வீடு என்று கேள்விப்பட்டு நல்ல சேலைகளாகக் கட்டிக்கொண்டு வந்தார். தலையில் மூட்டை. கிணற்றடிப் பக்கமாகக் குறுக்கே வந்தவர், மூட்டை கயிற்றில் தட்டியதைக் கவனிக்கவில்லை. முற்றத்தில் மூட்டையை இறக்கி அவிழ்த்தார். பட்டுச் சேலைக்குள்ளிருந்து முசுறு புறப்பட்டது.

அவர் முதலில் கையை உதறினார், தோளை உதறினார், தொப்பியைக் கழற்றி உதறினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, ஒங்கட ஊட்டில சேலை வாங்க விருப்பமில்லாட்டி வாயால சொல்லியிருக்கலாமே."

"அது கோப்பிக்குக் காவல், காக்கா."

"கோப்பியை ஆர் களவெடுக்க வாறான்?"

"களவுக்கு இல்ல, பேனுக்கு."

காக்கா மரத்தடிக்குப் போய் ஒரு இலையைத் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். "பேன் நல்லாத்தானே இரிக்கி" என்றார். "போன மாசத்தை விட நல்லா இரிக்கி."

அது உண்மை. நான் பார்க்க மறுத்த உண்மை. முசுறு வந்து ஒரு மாதத்தில் பேன் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. இலையில் மட்டும் இருந்தது தண்டுக்கு ஏறி, தண்டிலிருந்து பிஞ்சுக் காம்புக்கும் வந்துவிட்டது. கரி காயின் மேலும் படிந்தது. சில மரங்களில் பிஞ்சு கொட்டியது. எறும்பு இன்னும் போதாது என்று நினைத்து மேலும் இரண்டு கூடு கொண்டுவந்து கட்டினேன்.

காக்கா போன மறுநாள் மாமி அரிவாளை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்தா. எல்லாக் கயிற்றையும் இல்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்ற மரத்துக்குப் போன கயிற்றை மட்டும். அந்த இடத்தில்தான் அவவின் பிடரியில் முசுறு விழுந்ததாம். அதோடு நிற்காமல், அந்த மரத்தில் இருந்த கூட்டைக் கொக்கத்தடியால் இழுத்து விழுத்தி, கொதிதண்ணி ஊற்றி, அடிமரத்தைச் சுற்றிச் சாம்பலும் கொட்டிவிட்டா. நான் வந்து சத்தம் போட்டேன்.

"ஒரு மரம் பேன் தின்னட்டும், மருமகன். மத்த இருபத்தொண்டையும் உங்கட காவல்காரன் பாத்துக்கொள்ளட்டும்" என்றா மாமி.

அந்த மரத்தை நான் கைவிட்டேன். கோபத்தில் அதற்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. துவைக்கிற தண்ணீர் அதற்குப் போனது, அதனால் பிழைத்தது.

சித்திரை முடியும் நேரம், மச்சாள் அந்தக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"மச்சான், இஞ்ச வாங்க. இந்த மரத்தில பேன் இல்ல."

"உனக்குக் கண் தெரியல்ல."

"எனக்குக் கண் தெரியுது. உங்கட எறும்பு கண்ணைக் கடிக்கல்ல, மத்த எல்லா இடத்தையும்தான் கடிச்சது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். புது இலைகள் பச்சையாக, சுத்தமாக இருந்தன. பழைய இலைகளில் பேனின் தோல் மட்டும் உமி மாதிரி ஒட்டியிருந்தது. கரி காய்ந்து செதிலாக உரிந்துகொண்டிருந்தது. ஆனால் இலைக்குக் கீழே வேறு ஒன்று ஊர்ந்தது. வெள்ளையாக, பஞ்சுத் துண்டு மாதிரி. எனக்கு ஆத்திரம் வந்தது. பேன் போய் இப்போது இன்னொன்றா? இரண்டை நசுக்கிவிட்டேன். மூன்றாவதற்குக் கை போனபோது மச்சாள் ஈரக்கையால் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஆகப் பதறாதீங்க. அது என்ன செய்யிதெண்டு முதல்ல பாருங்க."

பார்த்தோம். இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் குந்தியிருந்து பார்த்தோம். அந்தப் பஞ்சு ஒரு பேனின் மேல் ஏறியது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு தள்ளிப் போனது. பேன் இருந்த இடத்தில் வெறும் தோல். அது அடுத்த பேனுக்குப் போனது. சோற்றுக் கோப்பைக்கு முன் இருந்த பசிக்காரன் மாதிரித் தலை நிமிராமல் தின்றது. அதே மரத்தில் சின்னச் சின்ன வண்டும் இருந்தது, மிளகளவு, உருண்டையாக. பஞ்சு வளர்ந்துதான் வண்டாகிறது என்பதைப் பிறகு பல நாள் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அப்படியானால் மற்ற மரங்களுக்கு இது ஏன் வரவில்லை? பக்கத்து மரத்தைப் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு வண்டு வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த உடனே மூன்று முசுறு ஓடிவந்து காலைப் பிடித்தது. வண்டு விழுந்து பறந்தது. அந்த முசுறு திரும்பிப் போய், ஒரு பேனின் முதுகைத் தன் கொம்பால் மெல்லத் தட்டியது. பேனின் பின்னால் ஒரு துளி தேன் வந்தது. முசுறு அதைக் குடித்தது. அடுத்த பேனைத் தட்டியது.

என் மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"படுவான்கரையில பட்டி மாடு வைச்சிருக்கிறவன் மாதிரி" என்றாள். "கறக்குது. களவுபோகாமக் காவலும் நிக்குது. பட்டிக்கு நீங்கதான் வேலி கட்டிக் குடுத்திருக்கிறீங்க."

எதிரிக்குக் காவல்காரனை நானே தோளில் சுமந்து கொண்டுவந்து, போக வழியும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முசுறு பச்சைப் புழுவைத் தின்னும், அது உண்மை. பேனைத் தின்னாது. பேன் அதற்குப் பால்மாடு. மாமரத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு, கோப்பியில் இருந்ததைப் பார்க்காமல் விட்டேன். ஊரில் ஒருவனும் எனக்கு இதைச் சொல்லவில்லை என்று பழி போடலாம். நான் யாரையும் கேட்கவும் இல்லை.

கடினமான வேலை அடுத்தது. மாமியிடம் போக வேண்டும். போனேன்.

"மாமி, நீங்க அறுத்த கயிறு சரி."

மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. "எந்தக் கயிறு?"

எந்தக் கயிறு என்று அவவுக்கு நன்றாகத் தெரியும்.

"துவைக்கிற கல்லடிக் கயிறு."

"ஓ. அது பேன் தின்னட்டும் எண்டுதான் அறுத்தன்." கீரையைத் திருப்பினா. "மறுகா என்ன, மத்தக் கயிறும் அறுக்கோணுமா? எனக்குக் கை நோகுது. நீங்களே அறுங்க."

அறுத்தேன். அறுப்பது சுலபம், கூடுகளை இறக்குவதுதான் பாடு. கொண்டுவந்தபோது ஏழு கூடு. இப்போது முப்பதுக்கு மேல். காய்ந்த தேங்காய்ப் பொச்சுமட்டையைப் புகைத்து, ஒவ்வொன்றாக வெட்டித் தண்ணீர்ப் பானைக்குள் அமுக்கினேன். தென்னோலையும் வேலியும் கோப்பிக் கொப்பில் முட்டுகிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டேன், எறும்புக்கு வேறு பாலம் இருக்கக் கூடாது. அடிமரத்தில் பழைய சாரத் துணியைக் கிழித்துச் சுற்றி, அதன்மேல் தோணிக்குப் பூசுகிற தாரைத் தடவினேன். தார் இளகி இருக்கும் வரை எறும்பு ஏறாது. வெயிலில் இறுகினால் மறுபடி தடவ வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை தடவினேன்.

"மரத்துக்குக் காப்புக் கட்டியாச்சு. கொடியேத்தம் எப்ப?" என்று மாமி கேட்டா.

பேன் அதிகமாக இருந்த கொப்புகளைத் துணி துவைக்கிற சவுக்காரத் தண்ணீரால் கழுவினேன். சவுக்காரத்தைச் சீவிக் கொதிதண்ணீரில் கரைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, பால் மாதிரி வரும்வரை அடித்து, அதை நிறையத் தண்ணீரில் கலந்து, பழந்துணியால் இலைக்குக் கீழே துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் கூடினால் இலை கருகும். முதல் மரத்தில் கருக வைத்துத்தான் அளவைக் கற்றேன். இருபத்தொரு மரத்தில் எத்தனை ஆயிரம் இலை என்று எண்ணவில்லை, ஆனால் ஒவ்வொரு இலையும் எனக்கு முகம் தெரியும். மனைவி பாதி மரங்களைச் செய்தாள். செய்யும்போது, தன் தலைக்கே இவ்வளவு பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே செய்தாள்.

கழுவிய ஒரு கிழமைக்குப் பிறகு, துவைக்கிற கல்லடி மரத்திலிருந்து பஞ்சுப் பூச்சிகளை இலையோடு கிள்ளி, சிரட்டையில் வைத்து, மற்ற மரங்களுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஒரு மரத்துக்கு ஐந்தாறு. விழுந்துவிடும் என்று பயந்து மெல்ல மெல்ல நடப்பேன். வேலிக்கு அப்பாலிருந்து அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூச்சியை ஒழிக்கப் பூச்சி சுமக்கிற ஆளை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

"இதுகளுக்கும் நாங்கதான் சோறு வைக்கோணுமா?" என்று மாமி கேட்டா.

"அதுகளுக்குச் சோறு மரத்தில இரிக்கி."

"அப்ப உங்களை விட நல்ல மாப்பிள்ளைகள்."

ஆனி நடுவில் பேன் அடங்கியது. முழுக்கப் போகவில்லை. முழுக்கப் போனால் வண்டும் போய்விடும், அதுவும் எனக்குப் பிறகுதான் விளங்கியது. கொஞ்சம் பேன், கொஞ்சம் வண்டு, எறும்பு இல்லை. அப்படி இருந்தால் மரம் தாங்கும். கொட்டியது கொட்டியதுதான். ஆனால் மிச்சக் காய் பருத்தது. ஆடியில் பழுக்கத் தொடங்கியது. பழுத்ததை மட்டும் ஆய்ந்து பாயில் போட்டுக் காயவைத்தோம். ஆடி வெயில் ஒரு நன்மை செய்தது, பன்னிரண்டு நாளில் கிலுகிலுவென்று காய்ந்தது. உரலில் குத்தி, சுளகில் புடைத்து, எல்லாவற்றையும் ஒரு பனையோலைக் கடகத்தில் போட்டுப் பார்த்தபோது கடகம் நிறைந்து ஒரு கோபுரமும் இருந்தது.

மாமி கையை உள்ளே விட்டு அளைந்தா. ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தா.

"கலியாணத்துக்குக் காணும்" என்றா. அவ்வளவுதான். மறுநாள் ஓடாவியிடம் வீட்டை வேலிப் பக்கமாகத் தள்ளி அடையாளம் போடச் சொன்னா. நான் கடற்கரைப் பக்கத்திலிருந்து இருபது மாட்டு வண்டில் மண் ஏற்றிக் கொட்டினேன். முதுகு போனது. ஆனால் ஒவ்வொரு கூடை மண்ணையும் சந்தோஷமாகக் கொட்டினேன். கலியாணத்துக்கு முதல்நாள் வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்தது, மரமும் தப்பியது.

கலியாணத்தன்று கோப்பி வறுத்த வாசம் தெரு ஒழுங்கை முழுக்க இருந்தது. கொஞ்சம் கொத்தமல்லி சேர்த்து இடித்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் முதலில் கோப்பி. மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு கிண்ணம் குடித்து, இன்னொன்று கேட்டு, இது எந்தக் கடைத் தூள் என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திவிட்டா.

"கடையில்ல. எங்கட வளவு மரத்தில காய்ச்சது."

எங்கட. அந்தச் சொல்லை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பெருமையில் கவனிக்கவில்லை.

சீதன உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு பின்னேரம் வந்தார். பந்தலுக்குள் பாய் விரித்து, எல்லாரும் கேட்க வாசித்தார். புது வீடு, கிணற்றில் பாதிப் பங்கு, வளவின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றெல்லாம் வாசித்துக்கொண்டே போனார். வடக்கே வேலி. தெற்கே, மூத்த மகளின் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து முழம் விட்டு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் உள்ள தென்னை இத்தனை, மா ஒன்று, காய்க்கிற கோப்பி மரம் இருபத்திரண்டு.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு எங்கே வரும் என்று ஆறு மாதமாகப் பேசினோம். எல்லை எங்கே வரும் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. வீட்டைத் தள்ளிக் கட்டினால் நடுவில் நிற்கும் மரம் அந்த வீட்டுக்குத்தான் முற்றமாகும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஆள், இதுகூடத் தெரியாமல் மண் கொட்டியிருக்கிறேன். பேன் பிடித்த மரமாக இருந்தால் நொத்தாரிசு எழுதியிருக்க மாட்டார், மாமி எழுதச் சொல்லியிருக்கவும் மாட்டா. நான் சுகப்படுத்தியதால் அது சீதனமாகிவிட்டது.

சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வைத்தேன். மைப்பேனையை அழுத்தியதில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

பிறகு மாமியிடம் கேட்டேன்.

"மரத்தை விடுறதா சொன்னீங்களே, மாமி."

"விட்டனே. தறிக்கல்லியே." எனக்குச் சோறு போட்டபடி சொன்னா. "என்ட மகளுக்கு நல்ல சாமான்தானே குடுக்கோணும். உங்கட கையால வந்த நல்ல சாமான் இந்த வளவில அது ஒண்டுதான்."

அதைத் திட்டு என்று எடுப்பதா, புகழ்ச்சி என்று எடுப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டாவது அகப்பைச் சோறும் போட்டா, அது வழக்கமில்லை.

கலியாணம் முடிந்து நாலாம் நாள் பழக்கத்தில் விடிய எழுந்து தார் சட்டியோடு போனேன். மச்சாள் புது வீட்டு வாசலில் நின்றாள்.

"மச்சான், எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல" என்று திரும்பினேன்.

"நில்லுங்க. இவருக்குப் பேன் எது காய் எது எண்டு தெரியாது. வேலை கச்சேரியில, தார் பூசத் தெரியாது. நீங்கதான் பாக்கோணும். நான் உங்களுக்கு வருஷம் ஒரு கடகம் தருவன்."

"என்ட மரத்தில எனக்கு நீ கடகம் தாறியா?"

"என்ட மரத்தில" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "பேன் போனதைக் கண்டுபிடிச்சதும் நான்தானே."

தாரைப் பூசிவிட்டுத்தான் வந்தேன். மரம் என்ன பிழை செய்தது?

அன்றைக்கு மத்தியானம் மரங்களுக்குக் கீழே தானாக முளைத்திருந்த கன்றுகளைத் தோண்டி எடுத்தேன். அவை உறுதியில் எழுதப்படவில்லை, நான் விசாரித்துவிட்டேன். மனைவியின் பக்கத்தில் அந்த ஐந்து முழ இடம் இருந்தது. மண்வெட்டியைப் போட்டதும் மனைவி அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"இஞ்சேருங்க. அது ஆர்ட இடம்?"

"உன்ட இடம்."

"என்னட்டக் கேட்டீங்களா?"

கலியாணம் முடித்து நாலு வருஷத்துக்கு மேலாகியும் நான் அவளிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. முதல் இருபத்திரண்டையும் யாருடைய இடம் என்று கேட்காமல்தான் நட்டேன். அதனால்தான் அவை போயின என்பது அப்போது உறைத்தது. மண்வெட்டியை வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லா மீனையும் வெட்டி, கழுவி, உப்புப் போட்டுப் பிரட்டி முடிக்கும் வரை என்னை நிற்க வைத்தாள். பிறகு சொன்னாள்.

"நாலு மரம். என்ட வளவில உங்கட மரம். நான் உயிரோட இரிக்கும்வரைக்கும் ஒருத்தருக்கும் எழுதமாட்டன். நாலுக்கு மேல வேண்டாம், துணி காயப்போட இடம் வேணும்."

நான் ஆறு நட்டேன். அவள் மாலையில் வந்து நின்று எண்ணிவிட்டுப் போனாள். அடுத்த நாள் விடிய நாலு கன்று நின்றது. மற்ற இரண்டும் மண் உதிராமல் வாழைமட்டையில் கட்டி, மச்சாளின் புது வீட்டு வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தன.